புது டேலிக்கு மாறும் முன்...

"பழைய டேலியே நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று நம் சங்க அங்கத்தினர்கள் சிலர் கேட்கிறார்கள். "மாற்றிவிட்டோம், ஆனால் கணக்கு உதைக்கிறது" என்று கையைப் பிசைந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் சொல்ல எங்களிடம் ஓர் அனுபவம் இருக்கிறது. சற்று வெட்கப்பட வேண்டிய அனுபவம்தான். ஆயினும் நம் வணிகச் சகோதரர் ஒருவருக்காவது அந்தச் சிரமம் வராமல் போகுமானால் எழுதுவதில் தவறில்லை என்று துணிந்தோம்.

பேரேடு எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். சித்திரை முதல் தேதியோ, ஆயுத பூஜையோ, அவரவர் வழக்கப்படி புதுக்கணக்கு போடுவோம். மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பழைய பேரேட்டிலிருந்து ஒவ்வொருவர் பாக்கியையும் புதிய பேரேட்டில் கொண்டுவந்து எழுதுவார் கணக்குப்பிள்ளை. எழுதி முடித்தவுடன் வேலை தீராது. ஒருவர் பழையதைப் பார்த்து உரக்கப் படிப்பார், இன்னொருவர் புதியதில் பென்சிலால் டிக் அடிப்பார். மொத்தம் கூட்டிப் பார்த்து இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான் வெற்றிலை பாக்கு. பழைய பேரேட்டைத் தூக்கி எறிவதில்லை. சிவப்புத் துணியில் கட்டிப் பரண்மேல் வைப்போம். சாப்ட்வேரில் பழைய பதிப்பை விட்டுப் புதிய பதிப்புக்கு மாறுவதும் இதே புதுக்கணக்குதான். ஆனால் அதை நாம் அப்படி நினைப்பதில்லை. டீலர் கடைப் பையன் வருவான், ஏதோ செய்வான், டீ குடித்துவிட்டுப் போவான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

டேலி யாருக்காகப் பிறந்தது என்பதும் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டியதே. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்து வந்தார். தம் கணக்கை எழுத ஒழுங்கான புரோகிராம் ஒன்றும் அகப்படாமல், கணிதம் படித்த தம் மகன் பாரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986-ல் தொடங்கிய கம்பெனி அது. மகனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு வியாபாரி தம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கேட்ட பொருள் என்பதால்தான் நம் கணக்குப்பிள்ளைகளுக்கும் அது சுலபமாகப் பிடிபட்டது. அப்புறம் 7.2 வந்தது, 9 வந்தது, 2009-ல் இ.ஆர்.பி. 9 வந்தது, 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் பகுதி மளிகை, மண்டிக் கடைகளில் இன்றும் இ.ஆர்.பி. 9 ஓடும் கம்ப்யூட்டர்கள் நிறைய இருக்கின்றன.

நம்மை மாற வைப்பது பெரும்பாலும் சாப்ட்வேர் கம்பெனி அல்ல, அரசாங்கம்தான். அதுவும் வருட நடுவில்தான் மாற்றுவார்கள். தமிழ்நாட்டில் வாட் வந்தது 2007 ஜனவரி 1-ந் தேதி. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1-ந் தேதி. கடைசியாக 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்களை மாற்றினார்கள், அது வருட நடுவு மட்டுமல்ல, மாத நடுவும்கூட. இவை தவிர, வருடம் 5 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டவர்கள், எழுதிய கணக்கை யார், எப்போது திருத்தினார் என்ற தடம் அழியாமல் பதிவாகும் சாப்ட்வேரையே 2023 ஏப்ரல் 1 முதல் உபயோகிக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்ட விதி சொல்கிறது. தனி உரிமையாளர்களையும் சாதாரணக் கூட்டு வியாபாரத்தையும் இந்த விதி கட்டுப்படுத்தாது. இது போதாதென்று, விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. கம்ப்யூட்டரை மாற்றுகிறவர்கள் அத்தோடு சாப்ட்வேரையும் மாற்றிவிடலாம் என்று நினைப்பது இயற்கை.

ஆனால் எல்லோரும் மாறியே தீர வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நாளைக்கு இருபது பில் போட்டு, வரிக்கணக்கை ஆடிட்டர் ஆபீசிலேயே பார்த்துக்கொள்ளும் சிறு கடைக்காரருக்கு அவசரம் ஒன்றுமில்லை. மாறுவதென்று முடிவு செய்தவர்கள் மட்டும் நிதானமாக மாறுங்கள். நாங்கள் நிதானமில்லாமல் மாறிய கதை இது.

2023 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் தண்டையார்பேட்டை மண்டியில் சனிக்கிழமை மாலை என்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லோடு ஏற்ற வண்டி நிற்கிறது, லைனுக்குப் போன பையன் வசூலுடன் வந்து நிற்கிறான். அந்த நேரத்தில்தான் நாங்கள் சாப்ட்வேர் வாங்கிய இடத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பையன்தான். "அரை மணி நேர வேலை அண்ணாச்சி" என்றார். புதிய பதிப்பைப் போட்டு, எங்கள் கணக்கை அதில் திறந்தார். மாற்றுவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளவா என்று திரையில் கேட்டது. நேரமாகும் என்று அவர் தயங்கினார். எங்கள் கணக்கர் மேஜை டிராயரிலிருந்த பென் டிரைவைக் காட்டி, "தினமும் ராத்திரி நான் எடுத்து வைக்கிறேன்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். மாற்றும் வேலை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். ஒரு முறை கீச்சென்றது, அணைந்தது. அதன் பேட்டரி செத்து எத்தனை மாதம் ஆயிற்றோ, யார் பார்த்தது?

கரண்ட் வந்த பிறகு கணக்கு திறக்கவில்லை. சரி, பென் டிரைவ் இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்தார்கள். திறந்தது. ஆனால் மார்ச் 31-ந் தேதியோடு கணக்கு நின்றது!

நடந்தது இதுதான். டேலியில் ஒவ்வொரு கணக்குத் தொகுதியையும் 'கம்பெனி' என்பார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் 10000, 10001 என்பது போன்ற எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும். ஏப்ரல் 1-ந் தேதி புது வருடத்திற்கென்று நாங்கள் தனிக் கம்பெனி திறந்திருந்தோம். பில் எல்லாம் புதிய கம்பெனியில். ஆனால் ராத்திரி நகல் எடுக்கும்போது கணக்கர் பழக்க தோஷத்தில் பழைய கம்பெனியையே தேர்வு செய்து வந்திருக்கிறார். 78 நாள், ஒரு நாள் விடாமல், போன வருடக் கணக்கையே பத்திரமாக நகல் எடுத்து வைத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாளாவது அந்த நகலைத் திறந்து பார்த்தோமா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சாப்ட்வேர் மீதும் பழியில்லை. அது கேட்டது, நாம் வேண்டாம் என்றோம்.

ஏறத்தாழ 3,000 பில். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வாடிக்கையாளர்களின் ஏப்ரல், மே பில்கள் நாம் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர். 1-ல் இருந்தன, இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டோம். கொள்முதலுக்கு ஜி.எஸ்.டி.ஆர். 2-பி உதவியது. பதிவில்லாத சிறு கடைக்காரர்களின் பில் அதில் தனித்தனியாக இருக்காது; கார்பன் காப்பியைப் பார்த்துத்தான் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து, ராத்திரி பதினொரு மணிவரை, 19 நாள். அரசாங்க இணையத்தில் எங்கேயும் இல்லாதது ஒன்று உண்டு. அதுதான் வசூல். யார் எவ்வளவு கொடுத்தார், எந்தப் பில்லுக்குக் கொடுத்தார் என்பது ரசீதுப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. லைனில் மூன்று ரசீதுப் புத்தகம் ஓடியது. அவற்றில் ஒன்றைக் காணவில்லை.

இது எந்த மாதங்கள் என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். படகுக்குப் போகிறவர் வீட்டில் வருமானமில்லை, தெருக்கோடி மளிகைக் கடையில் கடன் எழுதுவார். அந்தக் கடைக்காரர் நம்மிடம் கடன் எழுதுவார். வருடத்தில் பாக்கி அதிகம் ஏறி நிற்கும் காலம் இதுதான். ஜூன் 15 படகு கடலுக்குப் போன பிறகுதான் பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். எங்கள் கணக்கில் அந்த 61 நாளும் அப்படியே போய்விட்டது.

திரும்ப ஏற்றிய கணக்கிலிருந்து பாக்கி லிஸ்ட் எடுத்து லைன் பையனிடம் கொடுத்து அனுப்பினோம். காசிமேட்டில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒருவர், எங்களோடு இருபது வருடத்துக்கும் மேல் பழக்கம், லிஸ்டில் 18,500 ரூபாய் பாக்கி என்று இருந்தது. "கொடுத்துவிட்டேனே" என்றார். பையன், "மிஷின்ல பாக்கின்னுதான் காட்டுது" என்றான். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். தடைக்காலத்திலும் எங்கேயோ புரட்டிக் கொடுத்த பணம் அது. அவர் சண்டை போடவில்லை. மறுநாள் 18,500 ரூபாயைக் கொடுத்தனுப்பினார், அதோடு எங்களிடம் சரக்கு எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது ரசீதுப் புத்தகம் ஆகஸ்டு மாதம் வண்டி சீட்டுக்கு அடியில் கிடைத்தது. அவர் பெயரில் மே மாதத்து ரசீது, 18,500. பணத்தை எடுத்துக்கொண்டு நாங்களே நேரில் போனோம். அதற்குமேல் அதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

இனி விஷயத்திற்கு வருவோம்.

முதலில் நாள் பாருங்கள். பஞ்சாங்கம் பார்ப்பதோடு வரிக் காலண்டரையும் பாருங்கள். மாதாந்திரம் ஜி.எஸ்.டி.ஆர். 1 போடுகிறவர்களுக்கு 11-ந் தேதி, 3-பி-க்கு 20-ந் தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற நம் தமிழ்நாட்டு வணிகர்களுக்கு முறையே 13, 22. இவை முடிந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறையான மதியம் உத்தமம். தீபாவளி, பொங்கல் நெருக்கத்திலும் மார்ச் கடைசியிலும் வேண்டவே வேண்டாம். மாற்றுவதற்கு முன் யு.பி.எஸ். பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஆடிட்டருக்கும் ஒரு போன் செய்யுங்கள். 2023-ல் வந்த பிரைம் 3.0-வுக்கு ஒரு முறை மாற்றிய கணக்கை அதற்கு முந்தைய பதிப்பில் திறக்க முடியாது. ஆடிட்டர் ஆபீசில் பழைய பதிப்பு இருந்தால் வருடக் கடைசியில் அவரால் உங்கள் கணக்கைத் திறக்க இயலாது. கடையிலும் கிடங்கிலும் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இணைத்து வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும். கம்ப்யூட்டர் ரொம்பப் பழையது என்றால், அதில் உள்ள விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று முன்கூட்டியே டீலரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் வந்து உட்கார்ந்த பிறகு இது ஓடாது என்று சொன்னால் ஒரு ஞாயிறு வீண்.

அடுத்து, பேப்பரில் அடித்து வையுங்கள். இதைத்தான் நாங்கள் மிகவும் வற்புறுத்துவோம். மாற்றும் நாளன்று காலை, பழைய பதிப்பிலிருந்து டிரையல் பேலன்ஸ், சரக்கு இருப்பு, ரொக்க இருப்பு, பாங்க் இருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி இவ்வளவும் பிரிண்ட் எடுங்கள். பாக்கியை ஆள்வாரியாக மட்டும் எடுத்தால் போதாது, பில்வாரியாக எடுங்கள். கடைசி பில் நம்பரைக் குறியுங்கள். தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காகிதம் செலவாகுமே என்று பார்க்காதீர்கள். மாற்றிய பிறகு இதே கணக்குகளைப் புதியதில் எடுத்து, பழைய வழக்கப்படி ஒருவர் படிக்க ஒருவர் டிக் அடிக்க வேண்டும். மொத்தத் தொகை ஒன்றாக இருந்தால் உள்ளேயும் சரியாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருவர் கொடுத்த பணம் இன்னொருவர் பேரில் ஏறியிருந்தாலும் மொத்தம் சரியாகத்தான் வரும்.

பில் நம்பர் ஏன் முக்கியம் என்றால், ஜி.எஸ்.டி. விதிப்படி நிதியாண்டுக்குள் பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேலும் போகக்கூடாது. மாற்றிய மறுநாள் காலை போடும் முதல் பில், சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று முதலாளியே நின்று பார்க்க வேண்டும்.

நகல் விஷயம். மூன்று இடத்தில் இருக்கட்டும்: ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று இணையத்தில் அல்லது நம்பகமான வேறொருவரிடம். பேக்கப் எடுத்ததோடு, அந்த ஃபோல்டரை முழுவதுமாகவும் தனியே நகலெடுத்து வையுங்கள். எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலைத் திறந்து, நேற்று மாலை போட்ட கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் அது நகல். வீட்டில் என்றால் மாடியில் வையுங்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பக்கம் தண்ணீர் எப்படி வந்தது என்பது யாருக்கும் மறந்திருக்காது. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்தது. தண்ணீரில் நனைந்த மூட்டையையாவது காயவைத்து மாட்டுத் தீவனத்துக்குக் கொடுக்கலாம், எண்ணெயில் ஊறிய கம்ப்யூட்டரை என்ன செய்வது? எங்கள் மண்டியிலும் தண்ணீர் ஏறியது. ஜூன் மாதம் பட்ட பாட்டினால் அந்த முறை பென் டிரைவ் வீட்டு மாடியில் இருந்தது.

மாற்றும்போது பழைய ஃபோல்டரின் மேல் கை வைக்க விடாதீர்கள். புதிய பதிப்பை வேறு இடத்தில் போட்டு, கணக்கின் நகலை அங்கே வைத்து, நகலைத்தான் மாற்ற வேண்டும். அசல் அசலாகவே இருக்கட்டும். வருகிற தம்பி 'அதெல்லாம் வேண்டாம் சார்' என்பார். அவருக்கு அடுத்த கடைக்குப் போக வேண்டும், நாம் இங்கேதானே இருக்கப் போகிறோம்!

மாறிய பிறகு வரும் தொல்லைகளில் இரண்டு, மளிகைக்காரர்களுக்கென்றே ஏற்பட்டவை. ஒன்று பில் பார்ம். நம்மில் பலர் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், கார்பன் வைத்த அச்சிட்ட தாளில்தான் பில் அடிக்கிறோம். மூட்டைக் கணக்கு, எடை, ஏற்றுகூலி, வண்டி வாடகை எல்லாம் வருமாறு யாரோ ஒருவர் எப்போதோ தனியாக எழுதிக் கொடுத்த பில் பார்மாக இருக்கும். அதற்கு டி.டி.எல். என்று பெயர். பழைய பதிப்புக்கு எழுதிய அது, புதியதில் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. வரி ஒரு அங்குலம் கீழே இறங்கி, கிலோ இருக்க வேண்டிய கட்டத்தில் ரூபாய் வந்து உட்காரும். எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று மாற்றுவதற்கு முன்பே தேடுங்கள். நாலு விதமான பில்லை அடித்துப் பார்த்து, பழைய பில்லோடு வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, விரல் பழக்கம். இதை எந்த டீலரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9, வரவுக்கு எஃப் 6 என்பதெல்லாம் மாறவில்லை. ஆனால் சரக்கு திரும்பி வந்தால் போடுகிற கிரெடிட் நோட்டுக்கு இ.ஆர்.பி. 9-ல் கன்ட்ரோலும் எஃப் 8-ம். பிரைமில் அது ஆல்ட்டும் எஃப் 6-ம் ஆகிவிட்டது. பழைய பழக்கத்தில் கன்ட்ரோல் எஃப் 8 அழுத்தினால் புதியதில் விற்பனை ஆர்டர் திறக்கும். கணக்கர் வேகத்தில் அதிலேயே பெயரையும் சரக்கையும் போட்டுச் சேமித்துவிடுவார். ஆர்டர் என்பது கணக்கில் ஏறாது. திரும்பி வந்த இரண்டு மூட்டை துவரம்பருப்பு வாடிக்கையாளர் பாக்கியில் குறையாது, நம் இருப்பிலும் கூடாது. அவர் பாக்கி கொடுக்க வரும்போதுதான் வம்பு தெரியும். டெபிட் நோட்டும் கன்ட்ரோல் எஃப் 9-லிருந்து ஆல்ட் எஃப் 5-க்குப் போய்விட்டது. இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை விற்பனை ஆர்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆர்டரே போடாத கடையில் ஆர்டர் இருந்தால் அது திரும்பி வந்த சரக்குதான். எங்கள் கடையில் பதினொன்று இருந்தது.

வரி விகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 மாற்றத்துக்காகவே பலர் அவசர அவசரமாகப் புதிய பதிப்புக்கு மாறினார்கள். விகிதம் மாற்றுவதற்கு மட்டும் பதிப்பை மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பழைய விகிதத்தின் மேலேயே புதியதை எழுதிவிடாமல், இன்ன தேதியிலிருந்து இன்ன விகிதம் என்று தேதியோடு சேர்த்து ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அதை விட்டு மேலெழுதினவர்களுக்குப் பழைய பில்லைத் திறந்து திருத்தும்போது வரி தகராறு செய்யும். இன்னொன்று, சரக்குகளைக் குரூப்பாகப் பிரித்து குரூப்புக்கே வரி போட்டு வைத்திருப்போம். 'சோப்பு' என்று ஒரே குரூப்பில் குளியல் சோப்பும் துணி துவைக்கும் டிடர்ஜென்ட் பவுடரும் கிடந்தால், அன்று முதல் குளியல் சோப்பு 5 சதவீதம், டிடர்ஜென்ட் பவுடர் பழையபடி 18. குரூப்பை மாற்றினவர் டிடர்ஜென்ட் விற்றுக் கைப்பணம் கட்டியிருப்பார். புதுப் பதிப்புக்கு மாறும்போது இந்தக் குரூப்புகளையும் ஒருமுறை சீர்செய்துவிடுவது நல்லது. அதையும் பதிப்பு மாற்றும் அன்றே செய்யாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். இல்லாவிட்டால் எந்த மாற்றத்தினால் எந்தத் தவறு வந்தது என்று கண்டுபிடிக்க இயலாது.

லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சீரியல் எண் ஒரு தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். அதோடு சேர்த்த இ-மெயில் முதலாளியுடையதாக இருக்க வேண்டும். டீலருடையதோ, வேலையை விட்டுப் போன கணக்கருடையதோ ஆக இருந்தால், நம் பொருளுக்கு நாமே இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டிவரும். பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்வதற்கு முன் லைசென்ஸை அதிலிருந்து சரண்டர் செய்துவிட வேண்டும். புதிய பதிப்பு பெறுவதற்கான வருடச் சந்தா நடப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்த தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்களே என்று திருட்டுப் பதிப்பு போட்டுக்கொள்கிறவர்களுக்கு எங்களிடம் யோசனை ஒன்றுமில்லை.

பழைய பதிப்பையும் பழைய கணக்கையும் உடனே அழிக்க வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்தந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். உதாரணமாக 2022-23 வருடத்து ரிட்டர்னுக்கு நம் பகுதியில் கடைசித் தேதி 2024 ஜனவரி 10, ஆகவே 2030 ஜனவரி 10 வரை அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். வழக்கு, அப்பீல் என்று ஏதாவது இருந்தால் இன்னும் நீளும். எங்கள் பழைய கம்ப்யூட்டர் இணைய இணைப்பு இல்லாமல் பரண்மேல் துணி போர்த்தி இருக்கிறது. மாதம் ஒருமுறை இறக்கித் தூசு தட்டி ஓடவிட்டுப் பார்க்கிறோம். வீட்டில் இதைக் கேலி செய்கிறார்கள்.

காசிமேட்டுக்காரர் பற்றிக் கேட்பீர்கள். அந்தத் தீபாவளிக்கு முன்பே எங்களிடம் திரும்ப வந்துவிட்டார். இன்றும் பணம் கொடுத்தால் ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மிஷின்ல ஏத்திட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். கணக்கர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறார்.